பல்கலைக்கழகமும் புதிய பயில்நெறிகளும்

பல்கலைக்கழகங்கள் புதுமையை எளிதில் ஏற்கா என்பது பன்னெடுங்காலமாகக் கூறப்பட்டுவருங் குற்றச்சாட்டாகும். ஆயின், அவை எதனை எதிர்த்தன, எதனை ஏற்றன, ஏற்றபோது எதனை இழந்தன என்று பகுத்து நோக்குவோர் சிலரே. அங்ஙனம் நோக்குதற்கு ஏற்றதோர் அளவுகோல் தமிழிலேயே உண்டு. ஆசிரியன் உரைத்ததை நன்கு கொண்ட மாணாக்கனும் புலமையிற் காற்பங்கே பெறுவான் என்பது நன்னூல் செய்த பவணந்தி முனிவர் கருத்து. உடன்பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்பங்கும், தான் பிறர்க்கு விரித்துரைத்தலால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்பர் அவர்.

1836இல் தோன்றிய இலண்டன் பல்கலைக்கழகம் பாடஞ் சொல்லும் இடமாகவன்றிப் பரீட்சை நடத்தும் மன்றமாகவே அமைந்தது. 1858இல் அது, எக்கல்லூரியிலும் பயிலாதார்க்கும் தன் பரீட்சைகளைத் திறந்துவிட்டது. இத்தகைய போக்கினை முன்னரே கண்டித்தவர் நியூமன். பரீட்சையில் தேறிய எவர்க்கும் பட்டமளிக்குங் கழகத்தினும், ஆசிரியரும் பரீட்சையுமின்றி இளைஞரை ஒருங்கு கூட்டி வாழச்செய்யுங் கழகமே சிறந்தது என 1852இல் வெளியிட்ட விரிவுரைகளில் அவர் வாதித்தார். உடன்பயில்வாரால் வருங் காற்பங்கினை அவர் நன்குணர்ந்திருந்தார். எனினும், விடுதி வாழ்வுக்கு வசதியற்றோரின் நிலை அவ்வாதத்தில் இடம்பெறவில்லை.

அக்குறையை ஈழநாட்டு வரலாறு தெளிவாகக் காட்டும். 1921இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, 1942 வரை மாணவரை இலண்டன் பட்டத்துக்கே ஆயத்தஞ் செய்தது. 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரான விபுலாநந்த அடிகள், இலண்டன் விஞ்ஞானப் பட்டமும் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதப் பட்டமும் பெற்றவர். இரண்டும் கடல் கடந்த மன்றங்கள் வழங்கியவை. பரீட்சை அவருக்கு வாயிலைத் திறந்தது. புலமையை முதிர்வித்ததோ பல்லாண்டு பிறர்க்குக் கற்பித்த தொழிலே எனல் பொருந்தும்.

பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம் 1969இல் நிறுவப்பெற்று 1971இல் மாணவரை ஏற்றது. முன்தகுதி எதுவுங் கேளாது, வானொலி தொலைக்காட்சி வாயிலாகவும் பாடஞ் சொல்லும் அம்முயற்சியை நகையாடினோர் பலர். அது நிலைபெற்றமைக்குக் கருவிகள் மட்டுங் காரணமல்ல. மாணவர் எழுதியனுப்பியவற்றைத் திருத்தி மறுமொழி கூறும் ஆசிரியர்களும், ஊர்தோறும் அமைந்த கற்கை நிலையங்களும், கோடைக்கால வதிவிட வகுப்புகளும் அதற்கு உயிரளித்தன.

2011இல் இசுரான்போட் பல்கலைக்கழகத்திற் பாடஞ் சொல்லிய இருவர் இணையவழி நடத்திய செயற்கை நுண்ணறிவுப் பாடத்திற் சேர்ந்தோர் ஏறத்தாழ 160,000 பேர். இறுதிவரை நின்றோர் அவருள் ஒரு சிறு பகுதியினரே. 2013இல் கலிபோர்னியாவின் சான் ஓசே அரச பல்கலைக்கழகம் இத்தகைய பாடங்களைத் தானும் பரீட்சித்தது. தேறினோர் தொகை குன்றவே, அவ்வாண்டு யூலையில் அதனை இடைநிறுத்திற்று. அதற்கு முன்னரே, ஹாவாட் பேராசிரியர் ஒருவரின் பதிவுசெய்த விரிவுரைகளைத் தம் வகுப்பிற் பயன்படுத்த மறுத்து அதன் மெய்யியற்றுறையினர் பகிரங்க மடல் வரைந்தனர்.

இவ்வெதிர்ப்பையும் முன்னைய நகையாடலையும் ஒன்றென மயங்குதல் தவறு. நகையாடினோர் காத்தது மதிலை. மெய்யியலார் காத்தது மாணவன் வினவும் உரிமையை. சிறந்த விரிவுரையும் பவணந்தியார் கணக்கிற் காற்பங்கே. அதனை முழுமையென விற்போரை மறுத்தல் பழமைப்பற்று ஆகாது.

2022ஆம் ஆண்டின் இறுதிமுதல், மாணவன் எழுதவேண்டிய கட்டுரையைக் கணினியே எழுதித்தரும் நிலை பரவியுள்ளது. மீண்டுங் கையெழுத்துப் பரீட்சையை நாடுவோரும், கருவியைத் தடைசெய்ய முனைவோரும் உளர். இரண்டும் பட்டத்தின் மதிப்பைக் காக்கலாம். புலமையைக் காக்கும் எனல் அரிது. கற்றதை ஆசிரியர் முன்னும் தோழர் முன்னும் விரித்துரைத்து, தடைக்கு விடை கூறும் அவ்வரைப்பங்கினைப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கைவிட்டுவிட்டன. அதற்கு ஆசிரியர் தொகையும் காலமும் மிகுதியாக வேண்டும். செலவைக் குறைக்கும் புதுமையை விரைந்தேற்கும் கழகங்கள் செலவைக் கூட்டும் பழமைக்குத் தயங்குகின்றன. அத்தயக்கம் நீங்காதவரை, எக்கருவி வரினும் வாராதொழியினும், மாணாக்கன் பெறுவது காற்பங்கேயாகும்.