காடாறு மாதம், நாடாறு மாதம்

கொட்டாஞ்சேனையில் எம் அம்மம்மா விக்கிரமாதித்தன் கதை கூறுங்கால், "அரசன் காட்டுக்குப் போனால் நாட்டை ஆர் பார்க்கிறது?" என்று சிறுவராகிய யாம் வினவுவோம். "பட்டி இருக்கிறானே" என்பார். மறுநாட் கதையிலோ பட்டியும் அரசனோடு காட்டிலே நிற்பான். இம் முரண்பாடு அன்று எம்மை வருத்தியதில்லை.

ஆயிரம் ஆண்டு அரியணையிலிருந்து ஆளும் வரத்தை இந்திரனிடம் பெற்றவன் விக்கிரமாதித்தன். அமைச்சனாகிய பட்டியோ காளியிடம் ஈராயிரம் ஆண்டு வாழ்நாள் பெற்றான். தலைவன் தனக்கு முன்னே மாளாதிருத்தற்கு அவன் கண்ட சூழ்ச்சியே ஆறு மாதம் ஆட்சி, ஆறு மாதம் வனவாசம் என்பது. அரியணையில் அமராத நாள் வரத்திற் கழியாது. தேர்ந்த கணக்கன் ஒருவனின் மதிநுட்பம் இது. ஆயின், இக் கணக்கிற் குடிகளுக்கு இடமில்லை. அரசன் காடேகிய மறுநாள் முறையிட வந்தவன் ஆறு மாதம் வாயிலிற் காத்துக் கிடப்பானோ? சுவையெல்லாம் காட்டிலேயே நிகழ, நாடாறு மாதம் பெரும்பாலும் வெற்றிடமாக விடப்படுகின்றது.

இவ்வையத்தைக் கிளறியது வெள்ளவத்தையில் மாணவர் சிலர் மேசையைச் சூழ்ந்திருந்து ஆடிய கதையாட்டம் ஒன்று. 1974இல் அமெரிக்காவில் வெளியான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பதன் வழிவந்த ஆட்டம் அது. ஆடுவோர் வீரராகவும் மந்திரவாதியராகவும் தம்மைப் பாவித்துப் பேசுவர். நடுவர் ஒருவர் உலகைப் புனைவார். செயலின் பேற்றைக் கவறு துணியும். உயர்படி எய்திய வீரன் கோட்டை கட்டிக் குடிகளிடம் இறை பெறலாம் என்னும் விதி மூல ஆட்டத்திலேயே உண்டு. அன்று ஒரு மாணவர் அவ்வாறு அரசரானார். ஏனையோர் குகையொன்றை நோக்கிப் புறப்பட, வரிக்கணக்குத் தாளை மடித்து வைத்துவிட்டு அரசரும் எழுந்தார். நாட்டை அமைச்சன் பார்ப்பானாம்! பட்டி இன்னும் சாகவில்லை.

கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய 'பொன்னியின் செல்வ'னில், அலைச்சலிற் பெரும்பங்கை வந்தியத்தேவனுக்கும், அரசுரிமைச் சிக்கலைச் சோழர் குடிக்குமாகப் பகிர்ந்தளித்தார். கதை விரைந்தோட இது துணைசெய்தது. இரண்டையும் ஒருவனே சுமக்கும் இடர் மட்டும் அங்கே குறைந்துபோயிற்று. சிலப்பதிகாரமோ கணக்கை மறைக்கவில்லை. செங்குட்டுவன் வஞ்சியை நீங்கி முப்பத்திரண்டு திங்கள் கழிந்தமை அந்நூலிலே எண்ணிச் சொல்லப்படுகின்றது. ஐம்பது யாண்டு ஆண்ட பின்னும் போரையே நாடினான் என்று அவ்வேந்தனை மாடல மறையோன் இடித்துரைக்கவும் செய்கின்றான்.

விக்கிரமாதித்தன் கதைக்கு இத்தகைய மனச்சான்று இல்லையென்று தள்ளிவிட எண்ணினேன். வேதாளம் தடுத்தது. நள்ளிரவு, முருங்கை மரம், தோளிலே பிணம்: இதனினும் பெரிய துணிகரச் செயல் வேறில்லை. ஆயினும் வழிநெடுக அது கேட்பன யாவை? இக்கொலையின் பழி யாரைச் சாரும், இப்பெண் யாருக்கு உரியவள் என்பனவன்றோ? அவை அவைக்களத்துக்குரிய வழக்குகள். விடை தெரிந்தும் வாளாவிருப்பின் தலை வெடிக்கும். வாய் திறப்பின் மௌனம் கலைந்து வேதாளம் மீண்டும் மரமேறும். ஆகவே நீதி கூறுந்தோறும் அவன் மேற்கொண்ட வினை பாழாகின்றது. வினையைக் காக்க நீதியை விழுங்குதலும் இயலாது. பட்டி பஞ்சாங்கத்திற் பிரித்து வைத்த காட்டையும் நாட்டையும் வேதாளம் ஓரிரவிலே ஒருவன் தோளில் ஏற்றிவிடுகின்றது. கதையாட்டம் நடத்துவோர் பட்டியை விட்டு வேதாளத்தைக் கொள்வாராயின், அம்மாணவரின் வரித்தாள் குகைக்குள்ளும் அவரைத் தொடர்ந்து சென்றிருக்கும்.

இறுதிக் கதையில், தந்தை மகளையும் மைந்தன் அவள் தாயையும் மணக்க, அவர்தம் பிள்ளைகளுக்குள் என்ன முறை என்று வேதாளம் வினவும். விக்கிரமாதித்தனுக்கு விடை தெரியவில்லை. பேசாது நடக்கின்றான், பிணம் தோளிலேயே இருக்கின்றது.