எம்.எஸ். படிப்பு: அமெரிக்காவா, ஜெர்மனியா?

பி.இ. முடித்த பிள்ளையை எம்.எஸ். படிக்க எங்கே அனுப்பலாம் என்று யோசிக்கும் வீடுகளில் முதலில் அடிபடுவது தரவரிசை. வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கல்விக்கடன் வாங்கும் குடும்பம் அதற்கு முன் கேட்க வேண்டியது வேறு: கணக்குத் தப்பினால் அது எப்போது தெரியவரும், அதுவரை எவ்வளவு பணம் போயிருக்கும்?

அமெரிக்காவின் பலம் மறுக்க முடியாதது. ஆய்வகங்கள், சம்பளம், படிப்பு முடிந்தபின் ஓ.பி.டி. 12 மாதமும் ஸ்டெம் நீட்டிப்பு 24 மாதமும் வேலை பார்க்கும் வாய்ப்பு. எஸ்.ஓ.பி. எனப்படும் நோக்க அறிக்கையிலும் பரிந்துரைக் கடிதங்களிலும் தன் உழைப்பைக் காட்டி, மெக்கானிக்கல் மாணவர் வேறு துறைக்கும் நகரலாம். ஆனால் ஓ.பி.டி. காலத்துக்குப் பின் தொடர்ந்து வேலை பார்க்கப் பெரும்பாலோருக்கு எச்-1பி விசா வேண்டும். அதன் ஆண்டு உச்சவரம்பு 85,000. அமெரிக்க முதுநிலைப் பட்டதாரிகளுக்கெனத் தனியே ஒதுக்கியது அதில் 20,000 மட்டுமே. மனுக்கள் மிஞ்சினால் குலுக்கல். நன்றாகப் படித்து நல்ல வேலையில் இருப்பவர் பெயரும் விழாமல் போகலாம். டாலர் செலவுக்கு வாங்கிய கடனை ரூபாய் சம்பளத்தில் அடைக்கும் நிலை அப்போதுதான் தெரியவரும்.

ஜெர்மனியில் சோதனை முன்கூட்டியே நடந்துவிடுகிறது. கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் வேண்டும். பி.இ.யில் படித்த பாடங்களையும் கிரெடிட்டுகளையும் அங்குள்ள பாடத்திட்டத்தோடு ஒப்பிடுகிறார்கள்; பொருந்தாவிட்டால் எவ்வளவு அழகான எஸ்.ஓ.பி.யும் உதவாது. மதிப்பெண்ணைப் பவேரியச் சூத்திரத்தால் மாற்றுகிறார்கள், அங்கே 1.0தான் உச்சம். 10க்கு 7.0 சி.ஜி.பி.ஏ. வைத்திருப்பவருக்கு, தேர்ச்சிப் புள்ளி 4 என்றால் 2.5 வரும், 5 என்றால் 2.8. வரம்பு 2.5 உள்ள படிப்பில் முதலாமவர் உள்ளே, அடுத்தவர் வெளியே. கல்லூரி தரும் தரமதிப்பீட்டு விளக்கத்தை இணைக்காமல் விண்ணப்பிப்பது அதனால்தான் ஆபத்து.

செலவு குறைவுதான், ஆனால் இலவசம் என்று பொதுவாகச் சொல்வது தவறு. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் முதுநிலை மாணவரிடம் செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ கேட்கிறது. பிளாக்டு அக்கவுண்டில் போட வேண்டிய 11,904 யூரோ கட்டணமல்ல. மாணவரே மாதாமாதம் எடுத்துச் செலவழிக்கும் பணம். படிப்பு முடிந்தபின் வேலை தேட 18 மாதம் தருகிறார்கள். உண்மையான குறை மொழி. ஆங்கிலவழிப் படிப்பில் பட்டம் வாங்கிவிடலாம். ஜெர்மன் பேசாதவருக்கு நேர்முகத் தேர்வில் பல கதவுகள் திறக்காது. அங்கே கார்த் தொழிலும் இப்போது ஏறுமுகத்தில் இல்லை. 2030க்குள் 35,000க்கும் மேற்பட்ட பணியிடங்களைக் குறைக்க ஃபோக்ஸ்வாகன் 2024 டிசம்பரில் தொழிற்சங்கத்துடன் ஒப்பந்தம் செய்திருக்கிறது.

இரண்டையும் நிறுத்துப் பார்த்தால், ஜெர்மனியில் தவறினால் போவது பெரும்பாலும் விண்ணப்பச் செலவும் ஓராண்டும். மொழியோ உழைத்தால் வரக்கூடியது. அமெரிக்காவில் தவறினால் போவது குடும்பச் சொத்து. குலுக்கலை உழைப்பால் வெல்ல முடியாது. ஆகவே கடனை நம்பிப் போகிறவருக்கு ஜெர்மனியே சரி, பி1 அளவு ஜெர்மன் கற்றுக்கொண்டு விமானம் ஏறுவதாக இருந்தால். ஆராய்ச்சியில் உறுதியான நாட்டமுள்ளவர் பி.இ. முடித்த கையோடு, கட்டண விலக்கும் உதவித்தொகையும் தரும் அமெரிக்கப் பிஎச்.டி.க்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். முழுக் கடனில் அமெரிக்க எம்.எஸ். என்ற மூன்றாவது வழியைப் பெற்றோரே, தயவுசெய்து கடைசியாகப் பரிசீலியுங்கள்.