பெட்டியடிப் படிப்பு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில், சாய்வு மூடி போட்ட சின்னக் கணக்குப்பெட்டிகள் இன்றும் கிடைக்கும். தரையில் சம்மணமிட்டு எழுதத் தோதான உயரம். நான் பார்த்த ஒன்றின் மூடி விளிம்பு, மணிக்கட்டு உரசி உரசி மழமழவென்று தேய்ந்திருந்தது. இப்படிப்பட்ட பெட்டியடியில்தான் செட்டிநாட்டுப் பையன்கள் கெட்டிக்காரர்கள் ஆனார்கள்.

ஏடு தராத, காரியத்தில் இறங்கினால் மட்டுமே வரும் அறிவை ஆங்கிலத்தில் 'சாவ்வி' என்பார்கள். 'தெரியும்' என்று பொருள்படும் போர்ச்சுக்கீசிய, ஸ்பானியச் சொல்லான 'சாபே' வணிகர், மாலுமிகளின் கலப்புப் பேச்சில் திரிந்து அப்படி ஆனது. அதன் லத்தீன் வேருக்குச் சுவைத்தல், அறிதல் என்று இரண்டு பொருளும் உண்டு. நாவில் வைத்துப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். நம்முடைய கெட்டிக்காரன் வேறு வழியில் வந்தவன். கெட்டி என்றால் உறுதி. எளிதில் காசை விடாதவனையும் 'ஆள் கெட்டி' என்கிறோம். செட்டிநாட்டுத் தொழிற்பயிற்சியை எடைபோட இந்த இரண்டு சொல்லும் வேண்டும்.

ரங்கூன், பினாங்கு, கொழும்பு என்று கொண்டு விற்கப் போன ஊர்களின் வட்டிக் கடைகளில் பெட்டியடிப் பையன் கூட்டிப் பெருக்குவான், தண்ணீர் எடுத்து வைப்பான், சிட்டை எழுதுவான். மாகாணி, அரைக்கால் என்று கீழ்வாய் இலக்கங்களை மனத்திலேயே பெருக்கி வட்டி சொல்வான். கடன் கேட்டு வருபவர் பேசும்போது மேலாள் எங்கே மௌனமாகிறார் என்று கவனிப்பான். பிறகு அவனே அடுத்தாள் ஆவான், அதற்குப் பிறகு கடையை நடத்தும் ஏஜெண்ட். முதலாளி மகனும் இதே படியில்தான் ஏற வேண்டும் என்பது இந்த முறையின் பெரிய பலம். ஒரு பள்ளிக்கூடம் கட்டாமல், தலைமுறை தலைமுறையாக வங்கியாளர்களை உருவாக்கிய ஏற்பாட்டை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பத்துப் பன்னிரண்டு வயதில் தாயைப் பிரிந்து கடலேறிய பையனின் அழுகை எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை என்பதையும் மறைக்க மாட்டேன்.

இதைவிடப் பெரிய குறை பர்மாவில் வெளிப்பட்டது. 1930இல் நெல் விலை சரிந்தது. உழவர்களால் கடனை அடைக்க முடியவில்லை. அடமான நிலங்கள் செட்டியார்கள் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த அவர்களின் நிலவுடைமை, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் 25 விழுக்காட்டைத் தொட்டது. அவர்கள் விரும்பியது பணத்தை, நிலத்தை அல்ல. சேற்றில் இறங்கி உழுபவர்களும் அல்லர். ஐந்தொகையில் எல்லாம் சரியாக இருந்தது; நிலம் இழந்தவனின் கோபத்தை எழுத அதில் பத்தி இல்லை. ஆளைப் பார்த்து எடைபோடப் பழகிய கண்ணுக்கு, ஒரு நாடே முகம் சுளிப்பது தெரியாமல் போயிற்று. கெட்டியாகப் பிடிக்கும் பழக்கம் சுவைத்தறியும் பழக்கத்தை விழுங்கிவிட்டது என்றே நான் படிக்கிறேன். 1942இல் ஜப்பானியப் படை வந்தபோது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பலர் ஓடிவந்தார்கள். 1948இல் பர்மிய அரசு நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது.

பெட்டியடியில் பெண்பிள்ளைக்கு இடமே கிடையாது. ஆனால் ஆண்கள் மூன்று மூன்று ஆண்டாக வெளிநாட்டில் இருக்க, வளவை, அதாவது வீட்டை, நடத்தியவர்கள் ஆச்சிகள் எனப்படும் செட்டிநாட்டுப் பெண்கள். மழைக்காலத்தில் முற்றத்து ஓட்டுச் சரிவிலிருந்து இறங்கும் நீருக்கு அண்டா வைப்பார்கள். முதலில் ஓடும் அழுக்குத் தண்ணீரை விட்டுவிட்டுத் தெளிந்ததைப் பிடித்துக்கொள்வார்கள். எதை விடுவது, எப்போது பிடிப்பது என்ற அந்தக் கணக்கை அவர்கள் யாரிடமும் சம்பளத்துக்கு இருந்து கற்கவில்லை. முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் கணக்குப்பெட்டிக்குப் பக்கத்திலேயே அந்த அண்டாக்களும் அடுக்கிக் கிடக்கின்றன. சிலவற்றின் விளிம்பில் ஓர் ஆச்சியின் பெயரெழுத்து வெட்டியிருக்கிறது.