பதினெட்டு பெரிசா, முப்பத்தேழு பெரிசா?

ஓட்டு எண்ணி முடிச்ச மறுநாள் எந்தப் பேப்பரைப் பிரித்தாலும் ஒரே வார்த்தைதான்: அலை. யாருக்கு ஆதரவு அலை, யாருக்கு எதிர்ப்பு அலை என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எனக்கு அந்த வார்த்தை மேல் இருந்த நம்பிக்கை, வடசென்னை மக்களவைத் தொகுதியின் பழைய கணக்கைப் புரட்டிப் பார்த்ததோடு போய்விட்டது.

1998, 1999, 2004. மூன்று தேர்தலிலும் இங்கே ஜெயித்தவர் திமுகவின் குப்புசாமி. அதே ஆள், அதே உதயசூரியன். ஆனால் 1998இல் அவர் பாஜக கூட்டணியை எதிர்த்து ஜெயித்தார். 1999இல் அதே கூட்டணியில் நின்று ஜெயித்தார். 2004இல் காங்கிரஸ் கூட்டணி. ராயபுரத்துக்காரரும் திருவொற்றியூர்க்காரரும் போட்ட ஓட்டு ஒரே இடத்தில்தான் விழுந்தது. அது டெல்லியில் யாரை உட்கார வைக்கும் என்பதை முடிவு செய்தது, ஓட்டுப்பதிவுக்கு முன்னாடியே நடந்த பேச்சுவார்த்தை.

2004ஐக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கணும். 2003 டிசம்பரில் திமுக பாஜக கூட்டணியை விட்டு வெளியே வந்து, காங்கிரஸ், பாமக, மதிமுக, இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகள் என எல்லோரையும் ஒரே பக்கம் சேர்த்தது. முடிவு 39க்கு 39. தனியாகப் பார்த்தால் அதிக ஓட்டு வாங்கிய கட்சி அதிமுகதான், கிட்டத்தட்ட 30 சதவீதம். கிடைத்த சீட்டு பூஜ்யம். திமுக 25 சதவீதத்துக்கும் கீழே. 16இல் நின்று 16லும் ஜெயித்தது. (குறைவான இடத்தில் நின்றதால் சதவீதமும் குறைவாகத் தெரியும், அது வேறு. ஆனாலும் அந்தப் பூஜ்யம் பூஜ்யம்தானே.) நாடு முழுக்க காங்கிரஸுக்கு 145, பாஜகவுக்கு 138. வித்தியாசம் வெறும் 7. தமிழ்நாட்டின் 39 அன்றைக்கு எவ்வளவு கனம் என்று நீங்களே பாருங்கள். கப்பல் துறையே டி.ஆர்.பாலு கைக்கு வந்தது. துறைமுகத்தை நம்பிப் பிழைக்கிற ஊருக்கு அது சின்ன விஷயமில்லை.

துறைமுகம்–மதுரவாயல் பறக்கும் சாலைக்கு 2009இல் அடிக்கல் நாட்டினார்கள். 2012இல் மாநில அரசு வேலையை நிறுத்தியது. 2014இல் வடசென்னை அதிமுகவுக்குப் போனது, மாநிலம் முழுக்க அந்தக் கட்சிக்கு 37 இடம். மக்களவையில் மூன்றாவது பெரிய கட்சி. சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமான வெற்றி. ஆனால் பாஜக தனியாகவே 282 எடுத்துவிட்டது. அந்த 37ஐ வைத்து யாரையும் பயமுறுத்த முடியாது. இதே அதிமுக 1998இல் ஜெயித்தது 18தான். அது ஆதரவை விலக்கியதும், 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று ஒரே ஓட்டில் கவிழ்ந்தது. கூவத்தில் தூண்கள் வருஷக்கணக்கில் வெறுமனே நின்றன. மறுபடி அடிக்கல் விழுந்தது 2022இல்.

அப்போ பதினெட்டு பெரிசா, முப்பத்தேழு பெரிசா? 272ஐத் தொட ஆள்கிற கட்சிக்கு எத்தனை குறைகிறது என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்லவே முடியாது. 2024இல் பாஜக 240இல் நின்றது. தெலுங்கு தேசத்தின் 16ம் ஐக்கிய ஜனதா தளத்தின் 12ம் திடீரென்று தங்கமாகின. தமிழ்நாட்டில் எதிரணி எடுத்த 39க்கு அந்த விலை இல்லை. "நாற்பதும் நமதே" என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் பேசுவதே இல்லை. அலை பற்றி எழுதுகிறவர்களும்தான்.

ஜெயித்த பிறகும் உறுப்பினர் தன் இஷ்டத்துக்குக் கை தூக்க முடியாது. 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே போகலாம். ஆக, தொகுதிக்கு என்று தனி ஓட்டு அவையில் கிடையாது. கட்சியின் ஓட்டுதான் இருக்கிறது. 2021இல் பெருந்துறைமுகங்களுக்கான புதுச் சட்டம் வந்தபோது வடசென்னை உறுப்பினர் இருந்தது எதிர்க்கட்சி வரிசையில். சென்னைத் துறைமுகத்தை யார், எப்படி நடத்துவது என்பதையே மாற்றிய சட்டம் அது. ராயபுரத்தில் இன்னமும் "போர்ட் டிரஸ்ட்" என்றுதான் சொல்கிறோம். அந்தப் பெயர் இப்போது போர்டில் இல்லை.