வடிவதும் வழிவதும்

தோட்டத்து வாழ்வைக் கதையாக்கும் தோழர்களை நாம் போற்றுகின்றோம். ஆயினும், அக்கதைகளில் ஒரு குறை அடிக்கடி நம் கண்ணை உறுத்துகின்றது. "மரத்தில் பால் வழிந்தது" என்று எழுதிவிடுகின்றனர். பால் வெட்டிப் பிழைத்த தாய் ஒருத்தி இதைக் கேட்பின் திடுக்கிடுவாள். ஏன்?

சீவிய பட்டையில் பால் முதலில் கசியும். வெட்டுக்கோட்டின் வழியே வடியும். பீலியின் நுனியிலிருந்து மங்கில் சொட்டும். மழை கொட்டி மங்கு நிறைந்தாலன்றோ வழியும்! வழிந்த பால் மண்ணுக்காயிற்று. அன்றைய உழைப்பும் அதனோடு போயிற்று. வடிந்தது கூலி; வழிந்தது இழப்பு. இரு சொற்களுக்கும் ஓரெழுத்தே வேறுபாடு. அவ்வெழுத்தில் ஒரு குடும்பத்தின் அரிசி அடங்கியிருந்தது.

1877-ஆம் ஆண்டில் 22 கன்றுகளாகச் சிங்கப்பூர் வந்திறங்கிய மரம் இது. நம் முன்னோர் இதனைக் கண்டதில்லை. ரப்பர் என்னும் பெயரைக் கடன் வாங்கினோம். ஆனால் வினைச்சொல்லை எவரிடமும் கடன் வாங்கவில்லை. சோற்றில் கஞ்சி வடித்த கை, வயலில் வெள்ளம் வடியக் கண்ட கண், புதிய மரத்திலும் "பால் வடிகிறது" என்றே சொல்லிற்று. எந்தப் பண்டிதரும் கற்றுக்கொடுக்கவில்லை.

அம்மக்கள் பேச்சைக் கொச்சையென ஒதுக்குவோர் சற்றே செவி சாய்க்கட்டும். சுவரில் ஈரம் கசிகிறது, கிணற்றில் நீர் ஊறுகிறது, காதில் சீழ் வடிகிறது, கூரை ஒழுகுகிறது. ஒலிப்பில் பிழை இருக்கலாம், பொருளில் இல்லை. லயத்துக் கூரையைப் பார்த்து அவர்கள் சொன்ன ஒழுகுதல் என்னும் சொல்லிலிருந்தே ஒழுக்கம் பிறந்தது. வள்ளுவர் ஓர் அதிகாரத்திற்கே ஒழுக்கமுடைமை எனப் பெயரிட்டார். கூரையினின்று இடையறாது இறங்கும் நீருக்கும், வாழ்வில் இடையறாது நிற்கும் நெறிக்கும் ஒரே வேர்!

இனிக் கண்ணீருக்கு வருவோம். நம் கதைகளில் அது ஆறாகப் பெருகுகின்றது, வெள்ளமாகப் புரள்கின்றது. படிப்போர் கண்ணோ நனைவதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் மறுநாள் விடியலில் பெரட்டில் வந்து நிற்கின்றாள். "அவள் கண் கசிந்தது" என்றால் போதாதா? அழவும் நேரமில்லாத வாழ்வு அச்சிறு சொல்லில் தெரிகின்றது. வெள்ளமென்றால் அது மறைந்துபோகின்றது.

சொல்லைப் பெரிதாக்கினால் துயரம் பெரிதாகாது. ஏழையின் துன்பத்தை எழுத வருவோர் அவன் சொல்லையும் மதித்தல் வேண்டும். தோழர்களே, அடுத்த கதையை அச்சுக்கு அனுப்புமுன், பால் வெட்டிய பாட்டி ஒருவருக்கு அதனைப் படித்துக் காட்டுங்கள். அவர் எந்தச் சொல்லில் சிரிக்கின்றாரோ, அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள்.