சான்றின்மையும் இன்மைக்குச் சான்றும்
திராவிட மொழிகளை ஒப்பிட்டு ஆராய்வோர் முதற்கண் நாடும் நூல் பரோ, எமனோ ஆகிய இருவரும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியாகும். 1961-இல் வெளிவந்த இந்நூலுக்கு 1968-இல் துணைத்தொகுதியும் 1984-இல் திருத்திய இரண்டாம் பதிப்பும் அமைந்தன. இந்நூலின் சிறப்பு ஐயத்திற்கு இடமற்றது. அதனைப் பயன்கொள்ளும் முறையே ஆராயத்தக்கது.

ஒரு பதிவில் தமிழ், கன்னட வடிவங்கள் இடம்பெற்றுப் பெங்கோ வடிவம் இடம்பெறாவிடின், அச்சொல் பெங்கோவில் இல்லை எனக் கொள்வது எளிது; ஆனால் பொருந்தாது. தமிழுக்கு ஈராயிரம் ஆண்டு எழுத்துச் சான்றும், சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட, இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்களையுடைய பேரகராதியும் உண்டு. தெற்கு ஒடிசாவில் வழங்கும் பெங்கோவுக்கோ பழைய எழுத்து மரபு இல்லை. பரோவும் பட்டாச்சாரியாவும் களத்தில் திரட்டிய தரவுகளைக் கொண்டு அம்மொழி பற்றிய நூலை வெளியிட்டது 1970-இல்தான். கொரகா மொழி குறித்த டி. என். எஸ். பட்டின் நூல் 1971-இல் வந்தது. ஆகவே, 1961-ஆம் ஆண்டுப் பதிப்பின் மௌனம் கொரகாவின் சொல்வளம் பற்றி எதனையும் உணர்த்தாது. ஆய்வு அதுவரை சென்ற எல்லையையே உணர்த்தும்.

பதிவில் ஒரு வடிவம் இருப்பதும் முடிந்த சான்றன்று. கொலாமியில் தெலுங்குக் கடன்சொற்கள் பல. தெலுங்கோடு ஒத்த கொலாமிச் சொல் மரபுவழி வந்ததா, கடனாக வந்ததா என்பதை ஒலிமாற்ற விதிகளைக் கொண்டே துணியவேண்டும்.

இவ்வகையில் கோலிபாகமும் பிறரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு கருதத்தக்கது. 20 திராவிட மொழிகளின் அடிப்படைச் சொற்கள் தாய்மொழியாளரிடமிருந்து நேரடியாகத் திரட்டப்பட்டன. குடும்பத்தின் தொன்மை ஏறத்தாழ 4,500 ஆண்டுகள் என மதிப்பிடப்பட்டது. எல்லா மொழிகளிலும் ஒரே பட்டியல் வினவப்படும்போது, வெற்றிடம் எங்கும் ஒரே பொருள் பெறுகிறது. ஆயினும் அடிப்படைச் சொற்பட்டியல் சிறிது. உழவு, காடு, சடங்கு சார்ந்த சொற்கள் அதற்கு வெளியே நிற்கின்றன.

எனவே, அகராதியின் வெற்றிடங்கள் புதிய களப்பணிக்கு வினாநிரல் ஆதல் வேண்டும். வினவியும் கிடைக்காத சொல்லையும் வினவப்படாத சொல்லையும் வேறுபடுத்திக் குறித்தல் இன்றியமையாதது. இருமொழி அகராதியில் நிகர்ச்சொல் காணாத மொழிபெயர்ப்பாளருக்கும் இவ்வேறுபாடு பயன்தரும். இக்குறிப்பு இல்லாதவழி, ஆய்வாளர் கேளாது விட்டது மொழியின் வறுமையாக எண்ணப்படும். பேசுவோர் அருகிவரும் மொழியில் அப்பிழையைப் பின்னர்த் திருத்த வாய்ப்பும் அரிது.