அவரவர் நெற்றிக்கு அவரவர் கம்பு

களத்தில் சேர்ந்த முதல் மாதம் முழுக்க எங்கள் வாத்தியார் என் கையில் கம்பு கொடுக்கவில்லை. வெறுங்கையோடு காலடி மட்டும்தான். ஒருநாள் சாயங்காலம் சுவரோரம் சாத்தியிருந்த மூங்கில் கட்டைக் காட்டி, "ஒண்ணு எடு" என்றார். இருப்பதிலேயே நீளமானதை எடுத்தேன். வாங்கிப் பார்த்தவர் ஒன்றும் சொல்லாமல் என்னைச் சுவரோடு நிமிர்ந்து நிற்கவைத்தார். நெற்றிக்கு நேரே கம்பில் சுண்ணாம்புக் கோடு போட்டார். கோட்டில் அறுத்து, நடுவை ஆள்காட்டி விரலில் தாங்கினார். அடிப்பக்கம் சாய்ந்தது. அந்தப் பக்கத்துக் கணுக்களை அரத்தால் சீவிச் சீவித் திரும்பத் திரும்ப விரலில் வைத்தார். கம்பு ஆடாமல் படுத்த பிறகுதான் "இப்பப் பிடி" என்றார். என் விரல்கள் கம்பைச் சுற்றி வந்து கட்டைவிரல் நுனியைத் தொட்டன. "இது உன் கம்பு. உங்க அண்ணன் எடுத்தா அவனுக்குச் சுத்தாது" என்றார்.

கங்கைகொண்ட சோழபுரத்துக் கோபுரம் தெரிகிற தூரத்தில், முந்திரித் தோப்புகளுக்கு நடுவே, மீன்சுருட்டி வட்டாரத்தில் கம்பு சுற்றக் கற்றவர்களுக்கு இப்படி ஒரு நாள் நினைவிருக்கும். சிலம்பத்தில் பரம்பரைகள் பல, பாணிகள் பல. ஆனால் ஆயுதம் ஆளுக்குப் பொருந்த வேண்டும் என்பதில் எந்தப் பரம்பரைக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. அந்த ஒரு தரம் நம் காலத்தில் தளர்ந்துவருகிறது. அதனால்தான் இந்த மலரில் இதை எழுதுகிறேன்.

பரம்பரைகளும் பாணிகளும்

துடுக்காண்டம், குறவஞ்சி, மறக்காணம், பனையேறி மல்லு, நாகதாளி, நாகசீறல், கள்ளன்கம்பு என்று ஆசான்கள் சொல்லும் பெயர்கள் நீளும். பனையேறி மல்லு என்ற பெயரே அது யார் உழைப்பிலிருந்து வந்தது என்று சொல்லிவிடும். நாகசீறல் என்றதும் பாம்பின் வேகம் மனத்தில் எழும். தெற்கே குமரி மாவட்டத்தில் அடிமுறையும் வர்மமும் கம்போடு சேர்ந்தே வளர்ந்தன. அங்கே ஆசான் வைத்தியராகவும் இருப்பார். அடிக்கத் தெரிந்தவருக்கு அடிபட்டதை ஆற்றவும் தெரிய வேண்டும் என்பது அந்த மரபு.

இத்தனையையும் இரண்டு பெரும் பிரிவுக்குள் அடக்கலாம். ஒன்று போர்ச் சிலம்பம். எதிராளி ஒருவர் உண்டு. வீச்சும் தடுப்பும் தொடுதலும்தான் கணக்கு. இன்னொன்று அலங்காரச் சிலம்பம். கோயில் திருவிழாவிலும் பொங்கல் ஊர்வலத்திலும் பறை முழக்கத்துக்கு ஏற்பச் சுழல்வது. முன்னதற்குக் கனமும் உறுதியும் உள்ள கல்மூங்கில் வேண்டும். பின்னதற்கு மணிக்கட்டை வருத்தாத இலேசான பிரம்பு போதும். ஒரே கம்பை இரண்டுக்கும் வைத்துக்கொண்டு பழகுகிறவர் இரண்டிலும் அரைகுறையாக நிற்பார்.

உடம்பே முழக்கோல்

பொதுவாகக் கம்பின் நீளம் தரையிலிருந்து நெற்றிவரை. சில ஆசான்கள் புருவம் என்பார்கள். வளர்ந்த ஆளுக்கு இது ஏறக்குறைய ஐந்தரை அடி வரும். ஆனால் அடிக்கணக்கு பின்னால் வந்தது. முதலில் இருந்தது உடம்பின் கணக்கு.

கேரளக் களரியிலும் இதே கதைதான். அங்கே மெய்ப்பயிற்சி முடிந்து முதலில் கையில் வருவது மரக்கோல். நெடிய கோலான கெட்டுக்காரி பன்னிரண்டு சாண். குறுங்கோலுக்குப் பெயரே முச்சாண். யாருடைய சாண் என்றால், பிடிக்கிறவருடைய சாண். ஜப்பானில் நெடுங்கம்பான போ பெரும்பாலும் ஆறு ஷாகு, அதாவது சுமார் 182 செ.மீ. என்று நிலைப்பட்டுவிட்டது. நம் மரபு அளவை ஆளிடமே விட்டுவைத்தது.

இதை வெறும் பழமைப் பிடிப்பு என்று நினைக்க வேண்டாம். ஒலிம்பிக்கில் பிஸ்டல் சுடுகிற வீரர்களின் கைப்பிடியைப் பாருங்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த மரப்பிடியை அப்படியே வைத்துக்கொள்கிறவர் குறைவு. இழைத்தும் மரப்பசை பூசியும் தம் உள்ளங்கைப் பள்ளத்துக்கு ஏற்ப அதை மாற்றிக்கொள்கிறார்கள். பிடி பொருந்தாவிட்டால் குறி பொருந்தாது. கம்புக்கும் அதுவே விதி. நீளம் கூடினால் நுனி தரையில் இடித்து வீச்சு உடைகிறது. குறைந்தால் எதிராளியைத் தொட உடம்பைச் சாய்க்க நேர்கிறது. சாய்ந்த உடம்பு அடி வாங்கும். பருமன் கூடினால் விரல்கள் கவ்வாது, ஆறு மாதத்தில் மணிக்கட்டு வலி வரும்.

தேர்வும் பக்குவமும்

கம்புக்கு மூன்று வயதாவது ஆன மூங்கில் வேண்டும். இளசு காய்ந்ததும் சுருங்கி வளையும். உள்ளே குழல் குறைந்து கெட்டியாக இருக்கும் கல்மூங்கில் முதல் தரம். கணுக்கள் நெருக்கமாக இருப்பது நல்லது. வெட்டுகிற காலம் மார்கழி, தை. தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்று பெரியவர்கள் நாள் பார்ப்பார்கள். மூங்கிலை உளுக்கவைப்பது அதிலுள்ள மாவுச்சத்தைத் தேடிவரும் வண்டு. வெட்டியதும் குளத்திலோ வாய்க்காலிலோ சில வாரம் ஊறப்போடுவது அந்தச் சத்து தண்ணீரில் கரைந்து போகத்தான்.

பிறகு நிழலில் காயவைக்க வேண்டும். வெயிலில் போட்டால் வெடிப்பு விழும். காய்ந்த மூங்கிலைத் தணலில் வாட்டினால் நார் இளகும். அந்தச் சூட்டிலேயே கோணலை எடுத்து நேராக்க வேண்டும். கடைசியில் எண்ணெய்ப் பூச்சு. எங்கள் பக்கம் விளக்கெண்ணெய் தடவுவார்கள். விருப்பமுள்ளவர்கள் இரு முனையிலும் பித்தளைப் பூண் போடுவார்கள். பூண் போட்டால் முனை பிளக்காது. ஆனால் கனம் முனைக்குப் போய்விடும். ஆகவே பூண் போட்ட பின் இன்னொரு முறை விரலில் தாங்கிப் பார்க்காமல் களத்துக்குப் போகக் கூடாது.

காதும் ஒரு கருவி. கம்பைச் செங்குத்தாகத் தரையில் தட்டினால் நல்லது கணீரென்று பேசும். உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் உடைந்து வரும். விரிசல் கம்போடு பழகுவது எதிரே நிற்கிற பிள்ளையின் கண்ணுக்கு ஆபத்து.

மடியில் மறையும் ஆயுதங்கள்

கம்பில் கை பழுத்த பிறகு வருபவை வேறு. சுருள்வாள் இடுப்பைச் சுற்றிக் கச்சைபோல் கிடக்கும்; உருவினால் எட்டு திசையும் பாயும். முதலில் துணிக்கயிற்றில் பழகி, அது தன் மேல் படாமல் சுழன்ற பிறகே தகட்டைத் தொட விடுவார்கள். மடுவு என்ற மான்கொம்பு, முனைகள் எதிரெதிராக அமைந்த இரட்டைக் கொம்பு. கைக்குள் அடங்கும், தடுக்கவும் குத்தவும் ஆகும். பழைய மடுவுகள் வெளிமான் கொம்பால் ஆனவை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அந்தக் கொம்பைத் தொடக் கூடாது. மரத்திலும் உலோகத்திலும் செய்தது போதும்.

வீசி எறியும் வளைந்த ஆயுதமான வளரியும் இந்த வரிசையில் வரும். சின்ன மருது தமக்கு வளரி வீசக் கற்றுக்கொடுத்ததைக் கும்பெனிப் படையின் கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியான தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அவர் உட்பட மருது சகோதரர்கள் இருவரும் 1801 அக்டோபர் 24 அன்று தூக்கிலிடப்பட்டார்கள். அடுத்த சில வாரங்களில், டிசம்பர் 1 அன்று, பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்துக் கும்பெனி அரசு அறிக்கை வெளியிட்டது. எங்கள் உடையார்பாளையமும் ஒரு பாளையம்தான்; அந்த மண்ணில் நின்று இதைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது. வாளும் வேலும் பறிபோன நாட்டில் கம்பு தப்பியது, அது உழவன் கையிலும் காவல்காரன் தோளிலும் அன்றாடப் பொருளாக இருந்ததால்தான்.

இன்றைய சட்டமும் அதைக் கவனித்திருக்கிறது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், வீட்டுக்கும் உழவுக்குமான தடியையும் சாதாரணக் கைத்தடியையும் ஆயுதம் என்ற சொல்லிலிருந்து விலக்குகிறது. கைத்துப்பாக்கிக்கு உரிமம் இல்லாமல் முடியாது. கைத்தடிக்குள் வாளை ஒளித்துவைத்தால் அதுவும் ஆயுத விதிகளின் பட்டியலுக்குள் வந்துவிடும். ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளும், வீட்டுக்கும் உழவுக்கும் தொழிலுக்கும் ஆனவை தவிர, அந்தப் பட்டியலில் இருக்கின்றன. மறைத்து வைக்கும் ஆயுதத்தில் இளைஞர்களுக்கு ஆசை வருவது இயல்பு. அதைக் களத்துக்கு வெளியே எடுத்துப் போகிற மாணவனுக்குப் பாடத்தை நிறுத்திவிடுவது எங்கள் வாத்தியாரின் வழக்கம். அந்த வழக்கம் சரியானது.

இன்றைய களம்

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் செயல்விளக்கப் போட்டியாக இடம்பெற்றது. தமிழக அரசின் விளையாட்டு இட ஒதுக்கீட்டிலும் சேர்ந்துவிட்டது. பெண் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகக் களத்துக்கு வருகிறார்கள். மனம் நிறைகிறது.

ஆனால் அதே வேகத்தில் கடைக் கம்பும் வந்துவிட்டது. கட்டுக்கட்டாக, எல்லாம் ஒரே நீளம், ஒரே பருமன், வண்ணக் காகிதம் ஒட்டியவை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கும் பதினேழு வயதுப் பையனுக்கும் அதே கம்பு. சென்ற ஆண்டு ஒரு போட்டியில் தன் தலைக்கு மேல் ஒரு சாண் உயர்ந்த கம்போடு ஒரு சிறுமி, தொடக்க வணக்கமான சலாவரிசை எடுப்பதைப் பார்த்தேன். காலடி அத்தனை சுத்தம். ஆனால் ஒவ்வொரு சுழற்சியிலும் நுனி மண்ணைக் கிளறியது. அவள் தோற்றாள். தவறு அவள் காலிலும் இல்லை, கையிலும் இல்லை.

வாத்தியார்களே, கம்பை மொத்தமாக வாங்க நேர்ந்தாலும் கொஞ்சம் நீளமாகவே வாங்குங்கள். ஒவ்வொரு பிள்ளையையும் நிற்கவைத்து அளந்து அறுங்கள். பெற்றோர்களே, பிள்ளைக்குச் சட்டை மாற்றும்போது கம்பையும் நெற்றியோடு வைத்துப் பாருங்கள். பிள்ளை வளர்ந்தால் கம்பும் மாற வேண்டும். மாணவர்களே, ஒரு முறையாவது உங்கள் கம்பை நீங்களே ஊறப்போட்டு, காயவைத்து, தணலில் நிமிர்த்தி, எண்ணெய் பூசுங்கள். வருகிற தை மாதத்தில் மூங்கில் வெட்டும்போது தொடங்கினால், சித்திரைத் திருவிழாவுக்குக் கம்பு கைக்கு வந்துவிடும்.